ஏரிக்கரையிலிருந்து தொடங்குங்கள்: சிகாகோ டவுன்டவுன் கேள்வி - பதில்

கோடைக்கு அமெரிக்கா கிளம்பும் அப்பா அம்மாக்களிடமிருந்தும், விடுமுறைக்கு ஊர் சுற்ற நினைக்கும் குடும்பங்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் சிகாகோ டவுன்டவுனைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். அதன் நடுப்பகுதிக்கு 'லூப்' என்று பெயர். என் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. மதிய இடைவேளையிலும், வேலை முடிந்த மாலைகளிலும் நடந்து பழகிய தெருக்கள் என்பதால் பதில்கள் கொஞ்சம் நீளமாகவே வந்துவிட்டன.

மகன் சிகாகோ புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறான். ஜூன் மாதம் போகிறோம். ஒரு சனிக்கிழமை முழுக்க சிகாகோ காட்டுவதாகச் சொல்கிறான். எனக்கு 68 வயது, மனைவிக்கு முழங்கால் வலி. வில்லிஸ் டவர் மேலே ஏறிப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் கட்டடம்தானே என்கிறான். சரியா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

ஐயா, டவருக்குப் போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 103-வது மாடியில் கண்ணாடித் தரைமேல் நின்று காலுக்கடியில் தெருவைப் பார்ப்பது ஓர் அனுபவம்தான். ஆனால் கோடைச் சனிக்கிழமையில் அங்கே வரிசை நீளம். கையில் இருக்கும் ஒரே நாளின் நல்ல பொழுதை உள்ளே நின்று கழிக்க வேண்டாம். இந்த ஊரின் அழகு திறந்த வெளியில் இருக்கிறது. மிச்சிகன் ஏரிக்கரையிலிருந்து தொடங்கி ஆற்றுக்கு வாருங்கள்.

நேப்பர்வில்லிலிருந்து மெட்ரா ரயில் நேராக யூனியன் ஸ்டேஷனுக்கு வரும். காரில் வந்து பார்க்கிங்குக்கு அலைவதைவிட அதுவே நிம்மதி. காலையில் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். ஸ்டேஷனிலிருந்து மில்லினியம் பார்க் ஒரு மைல் தூரம் இருக்கும். அந்த நடையை முழங்காலுக்குக் கொடுக்க வேண்டாம். பஸ்ஸோ டாக்ஸியோ எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன்பே 'பீன்' முன்னால் நின்றுவிட வேண்டும். மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த சிற்பம் அது. 168 எஃகுத் தகடுகளை இணைத்து, ஒட்டு எங்கே என்று தெரியாத அளவுக்கு மெருகேற்றியிருக்கிறார்கள். 2006-ல் வேலை முடிந்தது. எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் அதன் அடிவயிற்றுக்குக் கீழே போய் அண்ணாந்து பாருங்கள். நீங்களும் உங்களைச் சுற்றி நிற்பவர்களும் நீண்டு வளைந்து ஒன்றுக்குள் ஒன்று போவது தெரியும்.

வெயில் ஏறியதும் மிச்சிகன் அவென்யூவைக் கடந்து எதிரே உள்ள கல்ச்சுரல் சென்டருக்குள் போய்விடுங்கள். 1897-ல் நகரத்தின் பொது நூலகமாகக் கட்டியது. அனுமதி இலவசம். லிப்ட் இருக்கிறது, கழிவறை சுத்தமாக இருக்கும், உட்கார இடம் உண்டு. மூன்றாவது மாடியில் 38 அடி விட்டமுள்ள டிஃபனி கண்ணாடிக் குவிமாடம் இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து அம்மா அரை மணி நேரம் ஓய்வெடுக்கட்டும். என் அம்மா வந்திருந்தபோது அங்கிருந்து எழுந்து வரவே மனமில்லாமல் இருந்தார்.

மதியத்துக்கு மேல் படகு. செலவு செய்வதென்றால் இந்த ஒன்றுக்குச் செய்யுங்கள். ஆற்றில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபடியே போகலாம். இரு கரைக் கட்டடங்களின் கதையையும் வழிகாட்டி சொல்லிக்கொண்டே வருவார். மக்காச்சோளக் கதிர் மாதிரி இருக்கும் மரீனா சிட்டியின் இரட்டைக் கோபுரங்களைத் தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும். நிழலுக்குத் தொப்பியும் காற்றுக்கு ஒரு ஸ்வெட்டரும் கட்டாயம். தெரு மட்டத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கப் படிகள் நிறைய இருப்பதால், டிக்கெட் எடுக்கும்போதே சாய்தளம் எந்தப் பக்கம் என்று மகனைக் கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

மாலையில் பக்கிங்ஹாம் நீரூற்று. 1927-ல் கேட் பக்கிங்ஹாம் என்ற பெண்மணி தன் அண்ணனின் நினைவாக நகரத்துக்குக் கொடுத்தது. மணிக்கு ஒரு முறை நடுத்தாரை 150 அடி உயரம் எழும்பும். ஜூன் மாதத்தில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால், விளக்கு போட்ட பிறகு பார்க்க வேண்டுமானால் திரும்பும் ரயிலைச் சற்றுத் தாமதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மகளோடு போயிருந்தேன். ஒரு பக்கம் வானத்தைத் தொடும் கட்டடங்கள், எதிர்ப்பக்கம் மைல் கணக்கில் புல்வெளி, அதற்கப்பால் ஏரி. அவ்வளவு விலை மதிப்புள்ள இடத்தை எப்படிச் சும்மா விட்டு வைத்திருக்கிறார்கள்?
*– வாசகி, சென்னை அண்ணா நகர்*

இதைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே இந்தக் கதை தெரிந்த பிறகுதான்.

தானாக யாரும் விட்டு வைக்கவில்லை. 1836-ல் கால்வாய் வேலைக்காக மனைகளைப் பிரித்து விற்ற அதிகாரிகள், ஏரியை ஒட்டிய துண்டின்மேல் ஒரு குறிப்பு எழுதினார்கள். இது பொது இடம், எந்தக் கட்டடமும் தடையும் இல்லாமல் என்றென்றும் திறந்தே இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் குறிப்பு. பிறகு ரயில்காரர்கள் வந்தார்கள், ஏரித் தண்ணீருக்குள்ளேயே தூண் நட்டு தண்டவாளம் போட்டார்கள். 1871-ல் ஊர் தீப்பிடித்து எரிந்தபோது, இடிபாடுகளை எல்லாம் கரைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் கொட்டித் தூர்த்தார்கள். நீங்கள் நடந்த புல்வெளியின் ஒரு பகுதிக்கு அடியில் அந்த எரிந்த ஊர் கிடக்கிறது.

இடம் கூடியதும் ஆசையும் கூடியது. குப்பை, கொட்டகை, தற்காலிகக் கட்டடம் என்று ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. அப்போது எதிரே மிச்சிகன் அவென்யூவில் கடை வைத்திருந்தவர் ஆரன் மான்ட்கோமரி வார்டு. தபாலில் பொருள் அனுப்பி விற்கும் வணிகத்தில் பெயர் எடுத்தவர். 1836-ன் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு 1890-ல் வழக்குப் போட்டார். இருபது வருடம் வழக்காடினார். பெரிய மனிதர்களும் பத்திரிகைகளும் அவரை நகர வளர்ச்சிக்கு எதிரி என்று திட்டின. அந்தப் புல்வெளியில் ஃபீல்ட் அருங்காட்சியகத்தைக் கட்ட வேண்டும் என்று பெரிய திட்டம் இருந்தது. அவர் விடவில்லை. கடைசியில் அருங்காட்சியகம் தெற்கே தள்ளிப்போய் 1921-ல் அங்கே திறந்தது. அந்தப் புல்வெளி ஏழைகளும் வந்து உட்காரும் இடம் என்பதுதான் வார்டின் வாதம். காசு உள்ளவன் ஏரிக்கரைக்கு வேறு எங்காவது போய்விடுவான், இல்லாதவன் எங்கே போவான்?

மில்லினியம் பார்க்கும் அப்படித்தான். 2004-ல் திறக்கும் வரை அங்கே ரயில் யார்டும் கார் நிறுத்துமிடமும் இருந்தன. அவற்றின் மேல் கூரை போட்டு, கூரையின் மேல் மண் கொட்டி, 24.5 ஏக்கருக்குத் தோட்டம் வைத்தார்கள். பூங்காவில் நிற்கும்போது உங்கள் காலடியில் இப்போதும் ரயில் போய்க்கொண்டிருக்கிறது.

மெரினாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கரை எல்லோருக்கும் பொது என்பது இயல்பாகத் தோன்றும். உலகத்தின் பல பெரிய ஊர்களில் அப்படி இல்லை. என் அப்பா நாகப்பட்டினத்துக்காரர். இந்தக் கரையில் நின்று, மறுகரை தெரியாத தண்ணீரைப் பார்த்து, "உப்பு வாசனையே இல்லையே, இது என்ன கடல்?" என்று கேட்டார். குடிக்கும் தண்ணீர் அப்பா, 58,000 சதுர கிலோமீட்டருக்கு நல்ல தண்ணீர் என்றேன். வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

சுவாமி விவேகானந்தர் பேசிய மண்டபம் டவுன்டவுனில் இன்னும் இருக்கிறதா? பார்க்க விடுவார்களா?
*– வாசகர், ராமநாதபுரம்*

ராமநாதபுரத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம். உங்கள் ஊர் மன்னர் பாஸ்கர சேதுபதி கொடுத்த ஊக்கமும், சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த பணமும் இல்லையென்றால் அந்தப் பயணம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மிச்சிகன் அவென்யூவில் மில்லினியம் பார்க்குக்குத் தெற்கே, வாசலில் இரண்டு சிங்கங்கள் நிற்கும் ஆர்ட் இன்ஸ்டிடியூட் கட்டடம்தான் அந்த இடம். 1893 செப்டம்பர் 11-ல் சர்வ சமயப் பேரவை அங்கே தொடங்கியது. கட்டடம் அப்போதுதான் எழும்பியிருந்தது. பேரவை முடிந்த பிறகுதான் கலைக்கூடமாக ஆனது. பேரவைக்காகப் போட்ட மண்டபம் தற்காலிகமானது, அது இப்போது இல்லை. சிங்கங்களும் மறுவருடம் வந்தவைதான், சுவாமி அவற்றைப் பார்த்திருக்க முடியாது. வாசல் முன்னால் செல்லும் சாலைப் பகுதிக்கு 'சுவாமி விவேகானந்தா வே' என்று கௌரவப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பழுப்பு நிறப் பலகையின் கீழே நம் ஊர்க்காரர்கள் யாராவது படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வாசலும் படிகளும் எல்லோருக்கும் திறந்தவை. உள்ளே போகத்தான் டிக்கெட். ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் உள்ளே போய் ஒரு பொழுது முழுக்க இருங்கள். இல்லையென்றால் படியில் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தக் கோடையில் அக்கா வீட்டுக்கு வருகிறேன். கையில் காசு குறைவு. கட்டடங்களை வெளியிலிருந்து பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா?
*– மாணவர், கோயம்புத்தூர்*

தம்பி, உனக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. அரை நாள் போதும், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வா.

டியர்போர்ன் தெருவும் ஜாக்சன் தெருவும் சந்திக்கும் இடத்தில் மோனட்நாக் கட்டடம் இருக்கிறது. முதலில் வடக்குப் பாதியைப் பார். 1891-ல் கட்டியது. சுமையைச் செங்கல் சுவரே தாங்குகிறது. அதனால் அடியில் சுவரின் தடிமன் ஆறு அடி. தரைத்தளக் கடை ஜன்னல்களில் கையை நீட்டிப் பார்த்தாலே உனக்குப் புரியும். அப்புறம் இரண்டு வருடம் கழித்துச் சேர்த்த தெற்குப் பாதிக்கு நட. அங்கே எஃகுச் சட்டகம் வந்துவிட்டது, சுவர் மெலிந்து ஜன்னல் பெரிதாகிவிட்டது. இரண்டு யுகத்தை ஒரே கட்டடத்தில் பார்க்க இங்கேதான் வர வேண்டும். எனக்குத் தெரிந்து டவுன்டவுனிலேயே சிறந்த வகுப்பறை இதுதான்.

அங்கிருந்து லசால் தெரு, ஆடம்ஸ் தெரு முனைக்கு வா. வானளாவிக் கட்டடங்களின் முன்னோடி என்று உன் பாடப் புத்தகம் சொல்லும் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1885-ல் அந்த முனையில்தான் எழுந்தது. 1931-ல் இடித்துவிட்டார்கள். எதிரே நிற்கும் ருக்கரி 1888-ல் கட்டியது. வேலை நாளில் போனால் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1905-ல் மாற்றியமைத்த அதன் நடுக்கூடத்தை எட்டிப் பார்க்கலாம். இந்த ஊரின் மண் மெத்தென்ற களிமண், பாறை வெகு ஆழத்தில். ஜான் ரூட் என்ற வடிவமைப்பாளர் பழைய தண்டவாள இரும்பைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட்டில் புதைத்து, அதன்மேல் கட்டடத்தை மிதக்கவிட்டார். அதை மனதில் வைத்துக்கொண்டு பார், அந்தக் கல் தூண்கள் வேறு மாதிரி தெரியும்.

கடைசியாக வில்லிஸ் டவர். நீ மேலே ஏற வேண்டியதில்லை, நாலு தெரு தள்ளி நின்று பார். ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகக் கட்டியது போன்ற அமைப்பு. சில 50-வது மாடியில் நின்றுவிடும், சில 66-ல், சில 90-ல். இரண்டு மட்டும் உச்சி வரை போகும். 442 மீட்டர். 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். அதைக் கணக்குப் போட்டவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். படிக்க வந்து, இந்த ஊரின் வானத் தோற்றத்தையே மாற்றிவிட்டுப் போனார். டவரின் பக்கத்தில் அவர் பெயரிலும் ஒரு தெருப் பலகை இருக்கிறது, தேடிப் பார்.

ஜூலையில் ஹூஸ்டனிலிருந்து வருகிறோம். குழந்தைகளுக்கு 6 வயது, 11 வயது. அருங்காட்சியகம் என்றாலே சிணுங்குகிறார்கள். வெளியில் ஓடியாட என்ன இருக்கிறது? கயாக் (சிறு துடுப்புப் படகு) ஓட்ட பெரியவன் ஆசைப்படுகிறான்.
*– ஒரு அம்மா*

மாற்று உடை இரண்டு செட்டும் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை மில்லினியம் பார்க்கில் உள்ள கிரௌன் நீரூற்று. 50 அடி உயரத்தில் எதிரெதிரே இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள். அவற்றில் சிகாகோவாசிகளின் முகங்கள் மாறி மாறித் தெரியும். ஒவ்வொரு முகமும் கண் சிமிட்டி, சிரித்து, கடைசியில் உதட்டைக் குவிக்கும். அப்போது வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். அந்த நொடிக்காகக் கீழே ஒரு கூட்டமே கத்திக்கொண்டு காத்திருக்கும். நடுவில் பாதம் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர், பயமில்லை. சின்னவளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம்.

பிறகு வளைந்து போகும் எஃகுப் பாலத்தைக் கடந்தால் மேகி டேலி பார்க். கயிற்றுப் பாலம், சறுக்குமரம், ஏறும் சுவர் எல்லாம் உண்டு. டேலி பிளாசாவுக்கும் போங்கள். பிகாசோ வடிவமைத்த 50 அடி உயர இரும்புச் சிற்பத்தின் சரிவான அடிப்பகுதியில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். 1967-ல் வைத்த நாளிலிருந்து அது என்ன உருவம் என்று ஊரே வாதாடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

கயாக் விஷயத்தில் கொஞ்சம் கவனம். ஆற்றில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் நடு ஆற்றில் சுற்றுலாப் படகுகள் ஓயாமல் போகும், அலை வரும். முதல் முறை என்றால் வழிகாட்டியோடு போகும் குழுவில் சேருங்கள். காலை நேரத்தில் போங்கள், இரண்டு பேர் உட்காரும் படகில் பெரியவரோடு அவன் போகட்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. துடுப்புப் போடும்போது அவனிடம் ஒன்று சொல்லுங்கள்: இந்த ஆறு முன்பு ஏரிக்குள்தான் பாய்ந்தது. ஊர்ச் சாக்கடையும் அதோடு போய்க் குடிநீரில் கலந்தது. 28 மைல் கால்வாய் வெட்டி 1900-ல் ஆற்றையே திருப்பி, ஏரித் தண்ணீர் ஆற்றுக்குள் வரும்படி செய்துவிட்டார்கள். பதினொரு வயதுப் பையனுக்கு இது அருங்காட்சியகத்தைவிட நன்றாக ஏறும்.

ஏரியில் குளிப்பதென்றால் உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரைகளில் மட்டும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை அவர்கள் இருப்பார்கள். கொடியின் நிறத்தைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். கான்கிரீட் கரைகளிலிருந்து குதிக்கவே விடாதீர்கள். அலையே இல்லாதது போலத் தெரியும் நாளிலும் இந்த ஏரி இழுக்கும். சைக்கிளுக்கு ஏரிக்கரைப் பாதை 18 மைல் நீளம். சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனித்தனி வழி போட்டிருக்கிறார்கள். ஆட்லர் கோளரங்கம் வரை ஓட்டிப் போய்த் திரும்பிப் பார்த்தால், டவுன்டவுன் முழுக்க ஏரிக்கு மேல் எழுந்து நிற்கும்.

டிசம்பரில்தான் லீவு கிடைக்கிறது. குளிரில் போய்ப் பயன் உண்டா?
*– வாசகர், ஈரோடு*

உண்டு, ஆனால் திட்டம் வேறு. ஏரிக்காற்றை ஊர்க் குளிர்காலத்தோடு ஒப்பிடாதீர்கள். காது, விரல், பாதம் மூன்றையும் மூடிக்கொண்டால் மற்றதைச் சமாளித்துவிடலாம். டேலி பிளாசாவில் ஜெர்மன் பாணி கிறிஸ்துமஸ் சந்தை கூடும். 'பீன்' இருக்கும் பூங்காவிலேயே பனிச்சறுக்குத் தளம் போடுவார்கள். குளிர் தாங்காதபோது பிரவுன் லைன் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். 1897-லிருந்து இருக்கும் இரும்புப் பாதையில் இரண்டாம் மாடி உயரத்தில், அலுவலக ஜன்னல்களை உரசியபடி லூப்பைச் சுற்றிவரும். பிளாட்பாரத்தில் தலைக்கு மேல் சூடு விளக்கு எரியும் இடம் இருக்கும். எல்லோரும் அதன் கீழே கூடி நிற்பார்கள், நீங்களும் கூச்சப்படாமல் போய் நில்லுங்கள்.

இரவில் நடமாடலாமா?
*– வாசகி, திருச்சி*

மிச்சிகன் அவென்யூ, ஆற்றங்கரை, கச்சேரி நடக்கும் நாளில் மில்லினியம் பார்க் – இங்கெல்லாம் ஆள் நடமாட்டம் இருக்கும். லசால் தெரு மாதிரி வங்கிகள் நிறைந்த தெருக்கள் அலுவலகம் முடிந்ததும் வெறிச்சோடிவிடும், அங்கே தனியாகப் போக வேண்டாம். ரயிலில் கதவுப் பக்கம் உட்கார்ந்து போனை நோண்டாதீர்கள். வழி தவறினால் பதற வேண்டியதில்லை. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடம்தான் பூஜ்யம். கதவு எண்கள் எல்லாத் திசையிலும் அங்கிருந்து ஏறும், 800 எண்ணுக்கு ஒரு மைல். ஏரி எப்போதும் கிழக்கே.

நாங்கள் சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டோம். டவுன்டவுனில் பகல் முழுக்க எப்படிச் சமாளிப்பது?
*– வாசகி, கும்பகோணம்*

கட்டிக்கொண்டு போங்கள் அம்மா. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் டெவான் அவென்யூ வடக்கே வெகு தூரம். டவுன்டவுன் உணவகங்களில் சைவம் கிடைக்கும், உங்கள் கட்டுப்பாட்டுக்கு ஒத்துவருவது கஷ்டம். மில்லினியம் பார்க் புல்வெளியில் சாப்பாடு கொண்டுவந்து சாப்பிடுவது எல்லோரும் செய்வதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பல மாலைகளில் அங்கே இலவச இசைக் கச்சேரி நடக்கும். 1935-லிருந்து நடக்கிற வழக்கம் அது. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள் என்பதால் எவர்சில்வர் தூக்கு, கத்தி எல்லாம் வேண்டாம். லேசான டப்பாக்களில் புளியோதரையும் வறுவலும் போதும். தயிர்சாதத்தை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். உட்கார விரிப்பும், ஏழு மணிக்கு மேல் ஏரியிலிருந்து வரும் காற்றுக்கு ஆளுக்கொரு சால்வையும் மறக்க வேண்டாம்.